மிதிவண்டியும் தச்சுத் தொழிலும்

மிதிவண்டி இரும்பு வேலையே என்பது பலர் கருத்து. அதன் வரலாற்றை ஆராயின், அது தச்சுவேலையாகவே பிறந்ததென்பது புலனாகும்.

ஜெர்மனியின் பாடன் நாட்டில் வனத்துறை அதிகாரியாயிருந்த கார்ல் வான் டிரைஸ் என்பார், 1817-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், மன்ஹைம் நகரினின்றும் இருசக்கர வண்டியொன்றைச் செலுத்திச் சென்றார். அதன் உடலும் சக்கரங்களும் மரத்தாலாயவை. மிதி இல்லை, நிலத்தைக் காலால் உந்தியே செல்லல் வேண்டும். 1885-இல் ஸ்டார்லி என்பார் இங்கிலாந்தில் ரோவர் வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் கண்டார். அதற்குள் வண்டியின் உடல் இரும்பாய்விட்டது.

ஆயினும் மரம் முற்றும் நீங்கிற்றில்லை. 1890-களில் அமெரிக்காவிற் செய்த மகளிர் மிதிவண்டிகள் பலவற்றுள், சேறு தெறியாது காக்கும் மட்கார்டு மரத்தாலேயே அமைந்தது. மரம் இலேசானது. அதன் ஓரங்களில் துளையிட்டுக் கயிறு பின்னி, நீண்ட பாவாடை சக்கரத்திற் சிக்காவண்ணம் காத்தனர். பின்னர்த் தகட்டு மட்கார்டே பெருவழக்காயிற்று.

நிற்க. மரத்தை வில்போல் வளைப்பது எங்ஙனம்? தடித்த பலகையை அப்படியே வளைப்பின், புறப்பக்கம் இழுபட்டுப் பிளக்கும். 1830-களில் மைக்கேல் தோனெட் என்னும் ஜெர்மானியத் தச்சர், மெல்லிய மரப்பட்டைகளைப் பசையிட்டு அடுக்கி வளைத்து நாற்காலிகள் செய்தார். மெல்லிய பட்டை எளிதில் வளையும். பசை இறுகியபின் அவ்வளைவு நிலைக்கும்.

இக்காலத்தும் மேனாட்டுக் கைவினைஞர் சிலர், அன்றாட மிதிவண்டிக்கு மரமட்கார்டு செய்வது இம்முறையானே. சக்கரத்தின் வட்டத்திற்கேற்ப அச்சுக்கட்டை அமைத்து, பசை தடவிய பட்டைகளை அதன்மேல் அடுக்கி, பசை உலருமளவும் இறுகப் பிணிப்பர். அவிழ்த்தபின் மரம் சற்றே நிமிரும்; ஆதலின் அச்சின் வளைவு வேண்டுவதினும் சிறிது மிகுந்திருத்தல் வேண்டும். பின்னர் இழைத்து, வார்னிஷ் பூசி, கம்பிகளால் வண்டியிற் பொருத்துவர். முனைகளிலும் திருகாணித் துளைகளிலும் பூச்சு குறையின், நீர் புகுந்து பட்டைகள் ஏடேடாய்ப் பிரியும்.

இதனாற் பெறப்படுவது யாது? தகடு வந்தது, தச்சரின் வேலை குறைந்தது. ஆனால் மரத்தின் நாரோட்டம் அறிந்த கை சிலரிடத்தேனும் எஞ்சினமையாலன்றோ அவ்வேலை மீண்டது? ஒரு தொழிலைக் கைவிடுதல் எளிது. ஒரு தலைமுறை விட்டதை மறு தலைமுறை மீட்டல் அரிது. ஏடு பயிலும் நம் சிறார், தந்தையர் உளி பிடிக்கும்போது அருகிருந்து காண்பாராக. அதுவும் கல்வியே.