தோட்டத்து மருந்தும் இளமையின் நோயும்

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை மலைநாட்டு வரலாற்று நூல்கள் தவறாது குறிக்கின்றன. அத்தேயிலையை வளர்த்தவர் நோயுற்றபோது நேர்ந்தது என்ன? அதுவும் வரலாறே.

கோப்பிக் காலத்தில் கால்நடையாய் மலையேறிய தொழிலாளர் பலர் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியாயினர். ஆள் மடிந்தால் தோட்டத்துக்கு நட்டம். 1872இல் தோட்டத் தொழிலாளருக்கென மருத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. 1912இல் புதிய சட்டங்கள் தோட்ட நிருவாகத்தின் கடமைகளை வகுத்தன. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கிற்று. அப்புழு உழைப்பின் வலுவை உறிஞ்சியதை முதலாளிகளும் உணர்ந்தனர். நோயாளியை விரைவில் பிரட்டுக்களத்தில் நிறுத்துவதே அம்மருத்துவத்தின் அளவுகோல்.

இவ்வளவுகோலுக்குள் அடங்காத நோய் புற்றுநோய். இளம் வயதினரை இரத்தப் புற்றும், நிணநீர்ப் புற்றும், எலும்புப் புற்றும் பற்றுகின்றன. விடாத காய்ச்சல், வலியற்ற கட்டி, இரவில் குடையும் எலும்பு வலி: இவையே தொடக்கக் குறிகள். டிஸ்பென்சரியில் இவை சாதாரண நோவாகத் தோன்றி, மாத்திரையுடன் திரும்பி விடுகின்றன. மற்றொரு புற்று இளமையில் விதைக்கப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் விளைவது. குளிரையும் பசியையும் மறக்க மெல்லும் வெற்றிலை, பாக்கு, புகையிலையே வாய்ப்புற்றின் வித்து. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது இப்புற்றே.

சுதந்திரம் வந்ததும் நிலை மாறிற்றா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றோராக்கியது. நாட்டின் இலவச வைத்தியசேவை வளர்ந்த அதே காலத்தில் தோட்ட வைத்தியம் கம்பெனியின் கையிலேயே கிடந்தது. 1972, 1975 ஆண்டுகளில் தோட்டங்கள் தேசவுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு ஏற்கும் பணியோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.

மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் அட்டனிலிருந்து அங்குச் செல்லும் வழி 100 கிலோமீட்டருக்கு மேல். நோயாளிக்கும் துணை செல்பவருக்கும் அன்றைய பேர் இல்லை. இலவசம் என்ற சொல்லின் விலை இது!

செல்வ நாடுகளில் புற்றுநோயுற்ற சிறார்களுள் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். வறிய நாடுகள் பலவற்றில் 30 பேர்கூடத் தேறுவதில்லை. உடல் ஒன்றுதான், காலந்தாழ்த்திய கண்டுபிடிப்பும் இடையில் கைவிடப்பட்ட சிகிச்சையுமே இவ்வேற்றுமையை வளர்க்கின்றன.

2017 முதல் பாடசாலை மாணவியருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றைத் தடுக்கும் ஊசி இடப்படுகிறது. நோய் வருமுன் இளையோரைச் சந்திக்கும் இடம் பாடசாலையே என்பதற்கு இது சான்று. இரண்டு வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணையும், கரையாத கட்டியையும் கண்டால் மாணவனைத் தோட்ட எல்லைக்கு அப்பாலுள்ள அரசாங்க வைத்தியரிடம் அனுப்ப வேண்டுமென ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். துணை செல்பவருக்கு அன்றைய பேர் கோருவது தொழிற்சங்கத்தின் கடமை. உழைப்புக்காக உயிரைக் காத்த மருத்துவத்தை, உயிருக்காகவே காக்கும் மருத்துவமாக மாற்றுவது நம் அனைவரின் பொறுப்பு.