ஆங்கிலப் பன்மையும் பொருட் பிணக்கும்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மிற் பலருக்கு ஆங்கிலமே அலுவல் மொழியாக விளங்குகிறது. அம்மொழியில் ‘எஸ்’ சேர்த்தால் பன்மை என்று பள்ளியில் கற்றோம். கூடவே விலக்குகளையும் மனப்பாடம் செய்தோம். அவ்விலக்குகள் பலவும் பழைய இலக்கணத்தின் எச்சங்களே.

ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் பன்மை விகுதிகள் பல வழங்கின. அவற்றுள் ஒன்று எருதுகளைக் குறிக்கும் ‘ஆக்ஸன்’ என்ற சொல்லில் இன்றும் நிற்கிறது. ‘மேன்’ என்பது ‘மென்’ ஆனதற்குக் காரணம், பின்னால் நின்று மறைந்துபோன ஓர் இகர ஒலியாகும். ‘சைல்டு’ என்பதன் பழம்பன்மையில் ‘ர்’ ஒலியே பன்மை காட்டிற்று. அது போதாதெனக் கருதிய பிற்காலத்தார் ‘என்’ விகுதியையும் சேர்த்தமையால் ‘சில்ட்ரன்’ இரட்டைப் பன்மையாயிற்று. ‘அவர்’ என்னும் பன்மைமேல் ‘கள்’ ஏற்றி ‘அவர்கள்’ என்று வழங்கும் நமக்கு இது வியப்பன்று.

மயக்கமும் இலக்கணமாவதுண்டு. பட்டாணியைக் குறித்த ‘பீஸ்’ என்ற ஒருமைச் சொல்லைப் பன்மையென மயங்கி, 17-ஆம் நூற்றாண்டில் ‘பீ’ என்ற புது ஒருமையைப் படைத்தனர். ‘செய்யத்தக்கவை’ என்று பொருள்படும் லத்தீன் பன்மையான ‘அஜெண்டா’ இன்று ஒருமையாகிவிட்டது. அவ்வாறே வந்த ‘டேட்டா’ ஒருமையா, பன்மையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இவ்வழக்குகளைத் தீர்க்க ஒரு மன்றம் வேண்டுமென்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-இல் வேண்டினார், அஃது அமையவில்லை. மொழியை நிலைநிறுத்தலாம் என்று முதலில் நம்பிய சாமுவேல் ஜான்சன், 1755-இல் தம் அகராதியின் முன்னுரையில் அந்நம்பிக்கையைக் கைவிட்டார். வழக்கே நீதிபதி என்றாயிற்று.

ஆனால் வழக்கு நாட்டுக்கு நாடு வேறுபடும்போது இடர் நேர்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையதிகாரிகள் ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்ய விரும்பினர். உடனே விவாதிக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. அமெரிக்கர்க்கோ அச்சொல் ஒத்திவைப்பதைக் குறித்தது. இரு தரப்பாரும் ஒரே நோக்கினராயிருந்தும் நெடுநேரம் வாதிட்டனர் என்று சர்ச்சில் எழுதியுள்ளார்.

‘பில்லியன்’ இதனினும் பெருஞ்சிக்கல். முன்னாளில் பிரிட்டனில் அது மில்லியன் மில்லியன், அதாவது நம் கணக்கில் லட்சம் கோடி. அமெரிக்காவில் ஆயிரம் மில்லியன், அதாவது 100 கோடி. 1974 டிசம்பரில், தம் அமைச்சர்கள் ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே அச்சொல்லை ஆள்வர் எனப் பிரதமர் ஹரால்ட் வில்சன் காமன்ஸ் சபைக்கு அறிவித்தார்.

ஆகவே பழைய ஆவணமொன்றைத் தமிழாக்கும் நாம், அகராதியைத் திறக்குமுன் அது எழுந்த நாட்டையும் ஆண்டையும் நோக்குதல் வேண்டும். நோக்காவிடில் கணக்கு ஆயிரம் மடங்கு பிழைபடும்.