ஏழு எழுத்துகளில் எழுந்த வினா: வரிசைமாற்றக் கோவைகளின் வரலாறு

ஒரு சமன்பாட்டின் மூலங்களை இடம் மாற்றி அடுக்கும் முறைகள் சேர்ந்து அமைக்கும் குலமே அச்சமன்பாட்டின் இயல்பைத் தீர்மானிக்கிறது என்பது எவரிஸ்ட் கால்வாவின் ஆய்வுகளால் வெளிப்பட்டபின், அத்தகைய மாற்றங்களை நீண்ட அட்டவணைகளாக எழுதாமல் ஒரே வாய்பாட்டில் அடக்கும் வழியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கணிதவியலர் தேடினர். அதற்கான களத்தையும் கால்வாவே 1830இல் அமைத்துத் தந்திருந்தார். கூட்டல், கழித்தல், பெருக்கல், சுழியமல்லாத உறுப்பால் வகுத்தல் ஆகிய நான்கையும் தனக்குள்ளேயே நிறைவு செய்துகொள்ளும், எண்ணி முடிக்கத்தக்க உறுப்புகளின் தொகுதியே முடிவுறு களம் எனப்படும். 7ஆல் வகுக்கும்போது எஞ்சும் 0 முதல் 6 வரையிலான மீதிகள் அதற்கு எளிய சான்று. அவ்வுறுப்புகளை ஒரு பல்லுறுப்புக்கோவையில் ஒவ்வொன்றாக இட, ஒவ்வோர் உறுப்பும் ஒரே ஒருமுறை விடையாக வருமாயின், அது வரிசைமாற்றக் கோவை ஆகும்.

1863இல் ஏழு எழுத்துகளின் சார்புகளை ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதவியலர் சார்ல் எர்மித், அத்தகைய கோவைகளை இனங்காணும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதன்படி, ஏழு உறுப்புக் களத்தில் ஒரு கோவையை 1 முதல் 5 வரையிலான அடுக்குகளுக்கு உயர்த்தி, ஏழாம் அடுக்கை முதல் அடுக்காகக் கொண்டு சுருக்கும்போது, ஆறாம் படி உறுப்பு எங்கும் எஞ்சக்கூடாது. சுழியமும் ஒரே ஓர் எண்ணுக்கே விடையாக வேண்டும். ஓர் எண்ணின் நான்காம் அடுக்கோடு அவ்வெண்ணின் மும்மடங்கைக் கூட்டும் கோவையை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினால், ஆறாம் படியின் கெழு 1உம் 27உம் சேர்ந்து 28 ஆகி, 7ஆல் மீதியின்றி வகுபட்டு மறைகிறது. அக்கோவை 0 முதல் 6 வரையிலான எண்களை முறையே 0, 4, 1, 6, 2, 3, 5 என மாற்றி அடுக்குகிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈ. எச். மூரிடம் பயின்ற லியோனார்ட் டிக்சன், 1896ஆம் ஆண்டின் தம் முனைவர் பட்ட ஆய்வில், எர்மித்தின் அளவுகோலைப் பகா எண்களின் அடுக்குகளை அளவாகக் கொண்ட எல்லாக் களங்களுக்கும் விரித்து, ஐந்தாம் படி வரையிலான வரிசைமாற்றக் கோவைகளைப் பட்டியலிட்டார். அப்பட்டியலில், ஒற்றைப்படை அளவுள்ள களங்களில் இரட்டைப்படைப் படி கொண்ட கோவைகள் மிக அருகியே காணப்பட்டன. மேற்கண்ட நான்காம் படிக் கோவை அவ்வரிய விதிவிலக்குகளுள் ஒன்று.

டியூக் பல்கலைக்கழகத்தின் லியோனார்ட் கார்லிட்ஸ் இத்துறைக்கு இருவகையில் திசை காட்டினார். ஒருபடிக் கோவைகளையும், சுழியமல்லாத ஒவ்வோர் உறுப்பையும் அதன் பெருக்கல் நேர்மாறாக மாற்றும் கோவையையும் மாறிமாறிச் செயற்படுத்தியே ஒரு களத்தின் எல்லா வரிசைமாற்றங்களையும் பெறலாம் என 1953இல் அவர் நிறுவினார். 256 உறுப்புகள் கொண்ட களத்தில் இந்நேர்மாற்றம் 254ஆம் அடுக்காக அமைகிறது; பெல்ஜிய ஆய்வாளர் யோவான் டேமனும் வின்சென்ட் ரைமனும் வடிவமைத்து, 2001இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற மறைக்குறியீட்டு முறையின் மையத்தில் இருப்பதும் அதுவே. 1966இல் கார்லிட்ஸ் முன்வைத்த ஊகமோ, டிக்சனின் பட்டியலில் தென்பட்ட அருகிய தன்மையைப் பொதுவிதியாக்கியது: இரட்டைப்படையான ஒரு படியைக் குறித்துக்கொண்டால், ஒரு வரம்பைத் தாண்டிய ஒற்றைப்படைக் களங்கள் எதிலும் அப்படியில் வரிசைமாற்றக் கோவை இராது.

இதை 1993இல் மைக்கேல் ஃப்ரீட், ராபர்ட் குரால்நிக், யான் சாக்சல் ஆகிய மூவரும் நிறுவினர். கோவையோடு இணைந்த வரிசைமாற்றக் குலத்தின் அமைப்பை ஆராய்ந்து, முடிவுறு எளிய குலங்களின் முழு வகைப்பாட்டைத் துணைக்கொண்டே அவர்கள் அம்முடிவை எட்டினர். குலங்களை எழுதிக்காட்டும் கருவியாகப் பிறந்த கோவைகளின் இயல்பை விளக்கக் குலக் கோட்பாடே தேவைப்பட்டது. அவ்வகைப்பாடு இன்றியே இன்னும் பொதுவான வடிவை நிறுவிய ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ராவின் வழி 1995இல் அச்சேறியது.

எங்கெங்கே இக்கோவைகள் இருக்க முடியாது என்பதை இம்முடிவுகள் பரந்த அளவில் வரையறுத்தபோதிலும், இருப்பவற்றை முழுமையாகப் பட்டியலிடும் வேலை படிப்படியாகவே நகர்கிறது. டிக்சன் ஒற்றைப்படைக் களங்களோடு நிறுத்திய ஆறாம் படிப் பட்டியல், இரட்டைப்படைக் களங்களுக்கு 2010இல்தான் நிறைவு பெற்றது.