அரசு உருவாக்கும் மென்பொருள் யாருக்குச் சொந்தம்? பதிப்புரிமைச் சட்டமும் திறந்த மூல உரிமமும்

பெங்களூரு: பொது நுழைவுத் தேர்வு முடிவுகள் வெளியானதும், மாணவர்கள் மற்றும் பெற்றோரின் கவனம் மல்லேஸ்வரம் 18-ஆவது குறுக்குச் சாலையில் உள்ள கர்நாடகத் தேர்வுகள் ஆணையத்தின் பக்கம் திரும்புவது வழக்கம். தரவரிசை, விருப்பப் பட்டியல், இடஒதுக்கீட்டுப் பிரிவு ஆகியவற்றைக் கொண்டு யாருக்கு எந்தக் கல்லூரி என்பதைக் கணினி நிரலே பிரித்தளிக்கிறது. அதே பகுதியின் 6-ஆவது குறுக்குச் சாலையில் மாநிலப் பள்ளித் தேர்வு வாரியம் இயங்குகிறது. இவ்வாறு அரசின் விதிகள் நிரலாக எழுதப்படும்போது, அந்த நிரல் யாருடைய உடைமை? பொதுமக்கள் அதைப் பார்வையிடவோ, வேறொரு மாநிலம் எடுத்துப் பயன்படுத்தவோ முடியுமா? இதற்கான விடை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ளது.

தமிழ்ச் செய்திகளில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல், கண்டுபிடிப்புக்கும் நூலுக்கும் மாறி மாறிப் பயன்படுத்தப்படுகிறது. இங்கே பேசப்படுவது பதிப்புரிமை. சட்டத்தின் கண்களில் கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பே.

அரசாலோ, அதன் துறையாலோ, அல்லது அதன் வழிகாட்டுதல், கட்டுப்பாட்டின் கீழோ உருவாக்கப்படும் அல்லது வெளியிடப்படும் படைப்பை 'அரசுப் படைப்பு' என்று பிரிவு 2(ட) வரையறுக்கிறது. சட்டமன்றங்கள், நீதிமன்றங்களின் படைப்புகளும் இதில் அடங்கும். மாறான ஒப்பந்தம் ஏதும் இல்லாத நிலையில், அதன் முதல் உரிமையாளர் அரசே என்கிறது பிரிவு 17. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் இவ்வுரிமை நீடிக்கும். அதாவது, 2020-இல் வெளியான அரசு நிரல் ஒன்றின் பதிப்புரிமை 2080 இறுதி வரை தொடரும். மென்பொருளின் பயன்பாட்டுக் காலத்தோடு ஒப்பிட்டால் இது வியப்பூட்டும் நீளம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அந்நாட்டுச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு, கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புகளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பையே மறுக்கிறது. பிரிட்டனில் 'மகுடப் பதிப்புரிமை' உண்டு. எனினும் 2010 முதல் திறந்த அரசு உரிமத்தின் மூலம் பெருமளவு தகவல்கள் பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் தனக்கென ஒரு திறந்த மூல உரிமத்தையே எழுதிக்கொண்டது. இந்தியா 2017-இல் அரசுத் தரவுகளுக்காக ஒரு திறந்த உரிமத்தை அறிவித்தது. ஆனால் அது தரவுகளுக்கானது, மென்பொருளுக்கானது அன்று.

அரசிதழ், சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள் போன்றவற்றை மறுபதிப்பு செய்வது மீறலாகாது எனப் பிரிவு 52 விலக்கு அளிக்கிறது. அரசின் மென்பொருள் அப்பட்டியலில் இல்லை. எனவே, எழுத்துப்பூர்வமான உரிமம் இன்றி, இணையத்தில் காணக்கிடைக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு நிரலைத் திறந்த மூல மென்பொருள் என்று கூற இயலாது.

இந்த வேறுபாட்டை நாடு முழுவதும் உணர்த்தியது ஆரோக்கிய சேது செயலி. 2020 ஏப்ரல் 2-ஆம் தேதி அறிமுகமான அச்செயலியின் தொடக்ககால நிபந்தனைகள், அதன் உள்ளமைப்பைப் பிரித்தாராயத் தடை விதித்திருந்தன. விமர்சனங்களைத் தொடர்ந்து, மே 26-ஆம் தேதி அதன் ஆண்ட்ராய்டு பதிப்பின் மூல நிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. நிரலை நகலெடுக்கவும், மாற்றவும், விற்கவும்கூட அவ்வுரிமம் அனுமதிக்கிறது. பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. வழங்கி பக்க நிரல் அதே ஆண்டின் நவம்பரில்தான் வெளியானது.

இதற்கிடையே, அக்டோபரில் வேறொரு கேள்வி எழுந்தது. செயலியை உருவாக்கியது யார் எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டவருக்கு, அது குறித்த தகவல் தங்களிடம் இல்லை எனத் தேசியத் தகவலியல் மையம் பதிலளித்தது. மத்திய தகவல் ஆணையம் இதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. தொழில்துறை மற்றும் கல்வித்துறைத் தன்னார்வலர்களுடன் இணைந்து அம்மையமே செயலியை உருவாக்கியதாகப் பின்னர் அரசு விளக்கமளித்தது. உருவாக்கியவர் யார் என்பது வெறும் ஆர்வக் கேள்வி அன்று. உரிமையாளர் மட்டுமே உரிமம் வழங்க முடியும் என்பதால், தன்னார்வலர் எழுதிய வரிகள் அரசுக்கு எழுத்து மூலம் ஒப்படைக்கப்பட்டனவா என்பதைப் பொறுத்தே உரிமத்தின் வலிமை அமைகிறது.

தனியார் நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்படும்போது இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமையை மீறுவதாக அமையும் கோரிக்கையை நிராகரிக்க இடமளிக்கிறது. அரசின் சொந்தப் பதிப்புரிமையை இப்பிரிவின் கீழ் காரணமாகக் காட்ட முடியாது. பாதுகாப்பு, வணிக இரகசியம் போன்ற 8-ஆவது பிரிவின் விலக்குகள் தனி. ஆக, இடஒதுக்கீட்டைக் கணக்கிடும் ஒரு நிரலை மாணவரொருவர் கேட்கும்போது கிடைக்கும் பதில், பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்தான ஒப்பந்தத்தின் ஒரு வரியால் தீர்மானிக்கப்படலாம்.

மத்திய அரசு 2015-இல் இரு கொள்கைகளை வெளியிட்டது. ஒன்று, அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிப்பதற்கானது. மற்றொன்று, அரசுச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து, துறைகள் கூட்டாக மேம்படுத்துவதற்கானது. இரண்டாவதன் தொடர்ச்சியாக 'ஓப்பன்ஃபோர்ஜ்' களம் அமைக்கப்பட்டது. சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் இவற்றுக்கும் முந்தையது. டெபியன் லினக்ஸ் அடிப்படையிலானது என்பதால், அதிலுள்ள ஜிபிஎல் கூறுகளுக்கு அவ்வுரிமத்தின் நிபந்தனைகள் சி-டாக்கையும் கட்டுப்படுத்தும். மாற்றிய நிரலை வழங்குபவர் அதன் மூலத்தையும் வழங்க வேண்டும் என்பதே அவற்றுள் முதன்மையானது.

பெங்களூரு சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-இல் தொடங்கப்பட்ட மோசிப் அடையாளத் தளம், மொசில்லா பொது உரிமம் 2.0-ஐத் தேர்ந்தெடுத்தது. மாற்றம் செய்த கோப்புகளின் மூலத்தை மட்டும் வெளியிட்டால் போதும். உடன் இணைக்கும் தனிக் கூறுகளை மூடி வைக்கலாம். பிலிப்பைன்ஸ், மொராக்கோ ஆகிய நாடுகள் இத்தளத்தைப் பயன்படுத்துகின்றன. அரசு நிறுவனம் அல்லாத, அதே நகரின் இ-கவ் அறக்கட்டளை எம்ஐடி உரிமத்தை நாடியது. அதன் வாசகம் மிகச் சிறியது, நிபந்தனைகளும் சொற்பம்.

அந்தச் சிறுமையே இந்தியாவில் கவனிக்க வேண்டிய ஒன்றாகிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19, உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கருத வேண்டும் என்கிறது. பிரிவு 30அ இதனை உரிமங்களுக்கும் பொருத்துகிறது. அப்பாச்சி 2.0 தன் வாசகத்திலேயே நிரந்தரம் என்றும் உலகம் முழுவதும் என்றும் குறிப்பிடுகிறது. எம்ஐடி உரிமம் இரண்டைப் பற்றியும் மௌனம் காக்கிறது. அதைப் பயன்படுத்தும் அரசுத் துறை, காலத்தையும் எல்லையையும் குறிப்பிடும் ஒரு வரியை வெளியீட்டு ஆணையில் சேர்க்கலாம். அல்லது, பிரிவு 21-இன் கீழ் பொது அறிவிப்பின் மூலம் தன் உரிமையை முழுவதுமாகவோ பகுதியாகவோ துறந்துவிடலாம்.