பெயரும் ஊதியமும்: ஒலிப்பதிவு வரலாற்றில் திரையிசை வாத்தியக் கலைஞர்

முன்னுரை

இணையத்தில் பாடல்கள் விலையின்றிக் கிடைக்கத் தொடங்கியதே இசைக்கலைஞரின் வருவாயைக் குறைத்தது என்பது பரவலான கருத்து. விற்பனையில் பங்கு பெற்றோருக்கு இது பொருந்தும். சென்னைப் பதிவரங்குகளில் வயலின், புல்லாங்குழல், தபேலா வாசித்தோருள் பெரும்பாலோர்க்கோ அத்தகைய பங்கு முன்னரும் இருந்ததில்லை. வாசித்த நேரத்துக்கான கூலியே அவர்கள் பெற்றது. ஆகவே அவர்களது இழப்பின் வேரைப் பதிவிறக்கத்துக்கு முந்தைய காலத்தில் தேடவேண்டும். பதிவில் எவர் பெயர் இடம்பெற்றது என்பதே எவர்க்கு உரிமை வாய்த்தது என்பதைப் பெரிதும் முடிவு செய்தது என இக்கட்டுரை கருதுகிறது.

இசைத்தட்டில் பெயர்

1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்துக்காகப் பாடிய கௌஹர் ஜான், பதிவின் இறுதியில் தம் பெயரைத் தாமே அறிவித்தார். பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தட்டுகளாக்கப்பட்டமையால், பாடியவரை அங்குள்ளோர் அடையாளங்காண இவ்வறிவிப்பு உதவியது. அடுத்த சில ஆண்டுகளில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி முதலிய தென்னகப் பாடகியரின் குரல்களும் தட்டேறின. தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளில் பாடியவர் பெயர் அச்சாயிற்று. உடன் வாசித்தோர் பெயர் அரிதாகவே இடம்பெற்றது.

பின்னணிப் பாடல் முறை வந்தபின் பாடகர் பெயரும் சில காலம் மறைந்தது. 1949இல் வெளிவந்த ‘மகால்’ என்னும் இந்திப் படத்தின் இசைத்தட்டில், லதா மங்கேஷ்கர் பாடிய பாடலுக்குக் கதைப்பாத்திரத்தின் பெயரான காமினி என்பதே அச்சிடப்பட்டிருந்தது. பாடியவர் யாரென வானொலி நேயர்கள் வினவியபின்னரே உண்மைப் பெயர் வெளிப்பட்டது. பாடகருக்காக வினவ நேயர்கள் இருந்தனர். வாத்தியக் குழுவினருக்கு அத்தகைய நேயர் கூட்டம் அமையவில்லை.

கால்ஷீட்டும் சட்டமும்

கோடம்பாக்கத்தில் வாத்தியக் கலைஞரின் ஊதியம் கால்ஷீட் கணக்கில் அமைந்தது. பாடல் எத்தனை ஆண்டு ஒலித்தாலும் அதை வாசித்தவர்க்கு மறு ஊதியம் இல்லை. இக்கலைஞர்களை ஒரு சங்கமாகத் திரட்டுவதில் முன்னின்றவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சங்கத்தால் அன்றாட ஊதியத்தைப் பேச முடிந்தது. பாடலின் பிற்கால வருவாயைப் பேசச் சட்டத்தில் பிடி இல்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஊதியம் கொடுத்து எழுதுவித்த பாடலுக்கும் இசைக்கும் திரைப்படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்னும் நிலைக்கு இடமளித்தது. 1969இல் தோன்றிய இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி தொடர்பான வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் இந்நிலையை உறுதிசெய்தது. அவ்வழக்கில் தனிக்குறிப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், நம் இசையின் உயிர் பாடுவோரிடம் இருக்க, சட்டம் இயற்றியவரை மட்டுமே காண்பதைக் குறையாகச் சுட்டினார். நிகழ்த்துநர் உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் சட்டத்தில் இடம்பெற்றது.

ஒலிநாடாவும் பதிவிறக்கமும்

இலவசப் பிரதி இணையத்தோடு பிறந்ததன்று. 1980களில் பாடற்பட்டியலைக் கொடுத்தால் வெற்று ஒலிநாடாவில் பதிந்து தரும் கடைகள் தமிழகத் தெருக்களில் பெருகியிருந்தன. கடைக்காரர் கூலி பெற்றார்; பாடலை ஆக்கியோர் பெறவில்லை. பின்னர் எம்பி3 குறுந்தகடும் பதிவிறக்கத் தளங்களும் அதே முறையை விரிவாக்கின. ஒன்று மட்டும் புதிது: உறை மறைந்தது. ஏ.ஆர். ரகுமானின் ஒலிநாடா, குறுந்தகட்டு உறைகளில் வாத்தியக் கலைஞர் பெயர்கள் அச்சாகத் தொடங்கியிருந்தன. கோப்பாக மாறிய பாடலில் அப்பட்டியல் உதிர்ந்தது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் திரையரங்குக்கு வெளியிலான பயன்பாட்டில் விட்டுக்கொடுக்க இயலாத பங்கை வழங்கியது. நிகழ்த்துநர்க்கும் வணிகப் பயன்பாட்டில் உரிமைத்தொகை உண்டு என்றது. எனினும் திரைப்படத்தில் தற்செயலாகவோ துணைநிலையிலோ பங்கேற்று, தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் குறிக்கப்படாதவரை நிகழ்த்துநராகக் கருதவேண்டியதில்லை என்றும் அதே திருத்தம் கூறுகிறது. ஒரு பாடலுக்கு வாசிப்பது துணைநிலைப் பணியன்று என்று வாதிட இடமுண்டு. ஆயின் பெயரில்லாதவர் அந்த வாதத்தைத் தாமே மெய்ப்பிக்க வேண்டியவராகிறார். தொழில் வழக்கமாக நேர்ந்த புறக்கணிப்பு, இங்குச் சட்டத்தின் அளவுகோலாகிவிடுகிறது.

முடிவுரை

இன்றைய ஒலியோடைச் செயலிகள் சந்தாவும் விளம்பரமும் வழியாகப் பணம் ஈட்டுகின்றன. அப்பணம் பாடலுடன் இணைந்த தரவின்படி பகிரப்படுகிறது. தரவில் இல்லாத பெயருக்குப் பங்கு சென்றடையாது. ஆகவே புதிய பதிவுகளில் வாசித்தோர் அனைவரின் பெயரையும் பதிவரங்கிலேயே குறித்துவைப்பது நியாயமான ஊதியத்துக்கு முதற்படியாகும். பழைய பதிவுகளுக்கு, எஞ்சியுள்ள கால்ஷீட் ஏடுகளும் பதிவரங்கக் குறிப்புகளும் சான்றாகக்கூடும். கொட்டிவாக்கத்தை அடுத்த தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இசைத்தட்டுகளைப் பேணுவதுபோல், அவ்வேடுகளும் பேணப்பட வேண்டும். வாசித்தவர்கள் பலர் முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் நினைவிலிருந்து பெயர்களைத் திரட்டும் பணி இனியும் தள்ளிப்போடத் தக்கதன்று.