ராட்செட்டிங் (மாடுலர் சிந்தசைசர்)

ராட்செட்டிங் என்பது மாடுலர் சிந்தசைசரில் ஒரு சுரத்துக்குரிய நேரத்துக்குள் அதே சுரத்தை இரண்டு, மூன்று அல்லது நான்கு முறை வேகமாக ஒலிக்கச் செய்யும் முறை ஆகும். ராட்செட் எனப்படும் பற்சக்கரம் சுழலும்போது எழும் 'கடகட' ஒலியை இது நினைவூட்டும்.

வரலாறு

1960களில் அமெரிக்காவில் டான் புக்லாவும் ராபர்ட் மூகும் தனித்தனியே மாடுலர் சிந்தசைசர்களை உருவாக்கினர். பல மின்னணு உறுப்புகளைக் கம்பிகளால் இணைத்து ஒலி எழுப்பும் கருவி இது. இதன் ஓர் உறுப்பான சீக்குவென்சர், முன்பே அமைத்த மின்னழுத்தங்களை வரிசையாக அனுப்பிச் சுரங்களை ஒலிக்கச் செய்யும். மூக் 960 சீக்குவென்சரில் 8 படிகளே இருந்தன. எட்டும் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். எல்லாப் படிகளும் ஒரே கால அளவில் திரும்பத் திரும்ப வந்தால் கேட்பவருக்குச் சலிப்புத் தட்டும்.

1970களில் இக்கருவி ஐரோப்பாவிலும் பரவியது. மேற்கு பெர்லினின் டேஞ்சரின் டிரீம் குழுவில் சீக்குவென்சரைக் கையாண்டவர் கிறிஸ்டோபர் பிராங்கே. இவர் அடிப்படையில் டிரம்ஸ் கலைஞர். 1974இல் வெளிவந்த 'பீட்ரா' இசைத்தொகுப்புக்கு மூக் சீக்குவென்சரின் ஓட்டமே அடித்தளம். அடுத்து வந்த ஆண்டுகளில் ராட்செட்டிங் அக்குழுவின் அடையாள ஒலிகளுள் ஒன்றாயிற்று.

செயல்முறை

சீக்குவென்சர் ஒரு படியில் நிற்கும்வரை சுரத்தின் உயரம் மாறாது. அந்நேரத்தில் வேகமான மின்துடிப்புகள், ஒலி எழுந்து தணிவதைக் கட்டுப்படுத்தும் உறுப்பைப் பலமுறை தூண்டும். ஒரு படி அரை நொடி நீடித்தால், நான்கு துடிப்புகளில் ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு நொடி கிடைக்கும். மொத்த நேரம் கூடாததால் தாளம் பிசகாது.

எல்லாப் படிகளிலும் இதைச் செய்தால் வேகம் மட்டுமே மிஞ்சும். ஓரிரு படிகளில் செய்தால்தான் ஒலித்தெறிப்பு தனித்துக் கேட்கும். எந்தப் படியில், எத்தனை முறை என்பதை எந்திரம் தானாகத் தீர்மானிப்பதில்லை. அது கலைஞரின் தாள உணர்வைப் பொறுத்தது.