யோகா ஒன்றல்ல: நம் முன்னோர் பகுத்தறிந்த வரலாறு

நிலக்கோட்டை வட்டாரத்தில் பூச்சந்தையை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். விடியுமுன் குனிந்து மல்லிகை பறிப்போரும், தலை கவிழ்ந்து பூக்கட்டுவோரும் நடுவயதைத் தொடும்போது இடுப்புவலி, கழுத்துவலி என்று முறையிடுவதைக் கேட்கிறோம். மருத்துவர் யோகா செய்யுமாறு சொல்கிறார். உடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன: இது மார்க்கத்தில் ஆகுமானதா? ஆகுமெனில், எந்த யோகா? உண்மையில் இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஏனெனில் யோகா என்னும் ஒரே பெயரில் வழங்கிவருபவை பல.

முஸ்லிம் அறிஞர்களுக்கு இது புதிய பொருளன்று. கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அல்பீரூனி, பதஞ்சலியின் யோக சூத்திரத்தை ஓர் உரையுடன் சேர்த்து அரபியில் தந்தார். அந்நூலில் ஆசனங்களுக்கு மிகச் சிறிய இடமே உண்டு. மனத்தை அடக்குதல், ஆன்மாவின் விடுதலை ஆகியவையே அதன் மையம். அதை இந்தியரின் சமயத் தத்துவமாகவே அவர் கண்டார். பிறர் நம்பிக்கையைத் திரிக்காமல் அறிந்துகொள்வதும், அதைத் தம் நம்பிக்கையாக ஏற்பதும் வெவ்வேறு என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின், ஷத்தாரி தரீக்காவைச் சேர்ந்த குவாலியர் முஹம்மது கௌஸ், 1550 வாக்கில் ‘பஹ்ருல் ஹயாத்’ என்னும் பாரசீக நூலை இயற்றினார். அமிர்தகுண்டம் என்ற யோக நூலின் அரபி வடிவத்தை விரித்து எழுதப்பட்ட இந்நூலில் இருபதுக்கும் மேற்பட்ட இருக்கை முறைகளும் மூச்சுப் பயிற்சிகளும் விளக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் ஜஹாங்கீர் எனப் பெயர் பெற்ற இளவரசர் சலீமுக்காக 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் தீட்டப்பட்ட இதன் ஓவியப் பிரதி, இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. இந்நூல் மரபில் மந்திரங்களுக்கு ஈடாக இறைவனின் அரபித் திருநாமங்கள் வைக்கப்பட்டன. எனினும் முஹம்மது கௌஸின் ஆன்மிகக் கூற்றுகள் சிலவற்றை அக்கால உலமாக்கள் வன்மையாகக் கண்டித்தனர். ஆகவே, அவர் செய்தார் என்பது மட்டுமே நமக்கு ஆதாரமாகிவிடாது.

இன்று வகுப்புகளில் கற்பிக்கப்படும் யோகாவின் பெரும்பகுதி கடந்த நூற்றாண்டில் உருப்பெற்றது. 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் இளைஞர்களுக்கு விறுவிறுப்பான ஆசனங்களைப் பயிற்றுவித்தார். அவரிடம் பயின்ற பட்டாபி ஜோய்ஸ், மூச்சோடு இயைந்து இடைவிடாது செல்லும் அஷ்டாங்க வரிசையை நிலைநாட்டினார். அது வலுவான உடலுக்கு உரியது. இளமையில் நோய்களால் மெலிந்திருந்த பி.கே.எஸ். ஐயங்கார், நிதானமாக நின்று உடலை நேர்ப்படுத்தும் முறையை வளர்த்தார். நாற்காலி, வார், மரக்கட்டை ஆகியவற்றின் துணையோடு முதியோரும் செய்யக்கூடியது அது. மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவி, ஒவ்வொருவரின் வயதுக்கும் நோய்க்கும் ஏற்பப் பயிற்சியை மாற்றித் தந்தார். ஒரே ஆசானிடமிருந்து மூன்று வழிகள் கிளைத்தன.

நம் லெப்பைக் குடும்பத்தார் கோரைப்பாய் நெய்யும் பத்தமடை ஊரில் 1887இல் பிறந்த சிவானந்தர், மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றியபின் ரிஷிகேசம் சென்று துறவு பூண்டார். அவர் வழியில் ஆசனத்தோடு பக்தியும் வேதாந்தமும் இணைந்தே வரும். தமிழகச் சிற்றூர்கள்வரை பரவியுள்ள வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் எளிய உடற்பயிற்சியும் உண்டு. குண்டலினி தவமும் உண்டு.

இந்தக் கலப்பே ஃபத்வாக்களுக்குக் காரணமாயிற்று. 2008 நவம்பரில் மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம், உடலசைவும் வழிபாட்டுக் கூறுகளும் மந்திரமும் சேர்ந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்றது. மந்திரமற்ற உடற்பயிற்சிக்குத் தடையில்லை என்று அந்நாட்டுப் பிரதமர் விளக்கமளித்தார். 2009 ஜனவரியில் இந்தோனேசிய உலமா பேரவையும் இதே பாகுபாட்டைச் செய்தது. 2017இல் சவூதி அரேபியா யோகாவை விளையாட்டுப் பயிற்சிகளுள் ஒன்றாக அங்கீகரித்தது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்போல் தோன்றும். உற்று நோக்கினால், இவை ஒரே பொருளைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல.

ஆகவே, சேருமுன் மூன்றைக் கேட்டறிவோம். அங்கே நாவால் சொல்லப்படுவது என்ன? பல வகுப்புகள் துதியோடு தொடங்குகின்றன; அதில் நாம் பங்கேற்க இயலாது. உடல் யாருக்காகப் பணிகிறது? சூரிய நமஸ்காரம் பெயரிலேயே வணக்கத்தைத் தாங்கியுள்ளது. அதை விடுத்தும் பயிற்சி உண்டு. நம் உடலுக்கு எது பொருந்தும்? குனிந்தே உழைத்தவருக்கு அஷ்டாங்க வேகம் தீங்காகலாம். நிதானமான, துணைக்கருவிகள் கொண்ட முறையே ஏற்றது. இரத்த அழுத்தமுள்ளோர் மருத்துவரைக் கேளாமல் தலைகீழ் ஆசனங்களில் இறங்கலாகாது. பெண்களுக்குத் தனி வகுப்பும் பெண் ஆசிரியையும் அமைவது நலம்.

தொழுகையே போதும், அதுவும் யோகாதான் என்று சிலர் சொல்வதையும் நாம் ஏற்பதில்லை. தொழுகை இபாதத், உடல்நலம் அதன் நோக்கமன்று. அதேபோல, வலியைப் பொறுத்திருப்பதுதான் பக்தி என்று எண்ணி, நாற்காலியில் அமர்ந்து தொழும் நிலைவரை நோயை முற்றவிடுவதும் முறையன்று. உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு என்பதை நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்துள்ளார்கள். ஈமானைக் காத்து உடலையும் பேணும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.